விலங்கியல் படித்தவர் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் எடுக்கலாமா?

கேள்வி நீளமாக வந்திருக்கிறது, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர் தேவகோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு மாணவி. பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப் என்பதால் கணக்கு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் படிப்பு) சேர ஆசை. கோடிங் வருமா, வேலை கிடைக்குமா, வெளியூரில் படித்தால்தான் மதிப்பா என்று கேட்கிறார். ஏ.ஐ. வந்து இந்தத் துறையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று சென்னையில் இருக்கும் மாமா மகன் பயமுறுத்துகிறாராம். அம்மாவோ, "இது ரத்தம் எடுக்கிற லேப் படிப்பா?" என்கிறாராம்.

தாராளமாக எடுக்கலாம். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் சாஃப்ட்வேரை ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஓட்டி வந்த விடையைப் பார்த்து "இது உயிரியலில் நடக்கிற காரியமா?" என்று சந்தேகப்படத் தெரிந்தவர்கள்தான் குறைவு. செல், மரபியல், பரிணாமம் எல்லாம் உருப்படியாகப் படித்திருந்தால் அந்தச் சந்தேகம் உங்களுக்குத் தானாக வரும். கம்ப்யூட்டர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்: ரத்தம் எடுக்கிற வேலை இல்லை. எடுத்த ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, இயந்திரத்தில் படித்து, ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளாக மாற்றிய பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இன்று பரவலாக இருக்கும் இயந்திரங்கள் அதை முழுநீளமாகப் படிப்பதில்லை, 150 எழுத்து அளவுள்ள கோடிக்கணக்கான துண்டுகளாகக் கொட்டிவிடுகின்றன. எந்தத் துண்டு எந்த இடத்துக்கு உரியது, எந்த எழுத்து மாறியிருக்கிறது, மாறியதால் நோய் வருமா வராதா என்பதெல்லாம் கணினியில் நடக்கிற வேலை. புரதங்களின் வடிவத்தை ஆராய்வது இதன் இன்னொரு கிளை. அதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு உருவாக்கியது. இன்றும் எந்தப் புரத மாதிரியைச் செய்தாலும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

பொதுவாகச் சொன்னால் புரியாது. நம் ஊர்ச் சாமானை வைத்தே பார்ப்போம். செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் கவுனி அரிசி போடுவார்கள். பர்மாவோடு வணிகம் செய்த காலத்தில் வந்தது என்பார்கள். அது ஏன் கறுப்பு? புதுவயல் மில்லில் அரைக்கும் அரிசி ஏன் வெள்ளை?

முதலில் வெள்ளைக்கு வருவோம். காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. பெரும்பாலான வெள்ளை அரிசி ரகங்களில் 7வது குரோமோசோமில் இருக்கும் ஆர்.சி. என்ற மரபணுவில் 14 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். 14ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் விழுகிறது. அதனால் அந்த இடத்துக்கு அப்புறம் உள்ள எல்லா மூன்றெழுத்துகளும் இடம் பெயர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே தவறான முற்றுப்புள்ளி வந்து, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. நிறம் போய்விட்டது. 15 எழுத்துகள் போயிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

சரி, இதை நீங்களே கணினியில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிவப்பு அரிசி ரகத்தின் டி.என்.ஏ. துண்டுகளைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, நெல்லின் மேற்கோள் வரிசையோடு (எல்லோரும் ஒப்பிடுவதற்கு அளவுகோலாக வைத்திருக்கும் டி.என்.ஏ. வரிசை) பொருத்துகிறீர்கள். ஆர்.சி. மரபணுவைத் திரையில் விரித்துப் பார்த்தால், சிவப்பு அரிசியில் 14 எழுத்துகள் "கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன" என்று சாஃப்ட்வேர் சொல்லும். அவசரப்பட்டவர் சிவப்பு அரிசியில் ஒரு புது மாற்றம் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிவிடுவார். நடந்தது நேர் தலைகீழ். நெல்லுக்கு மேற்கோளாக வைத்திருப்பது நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகம். அது வெள்ளை அரிசி, 14 எழுத்துகளை இழந்த கட்சி. அந்த இடத்தில் சிவப்பு அரிசிதான் பழைய, முழுமையான பிரதி. சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை, மேற்கோளோடு ஒப்பிட்டதை மட்டும் சொன்னது. மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் வேலை.

கறுப்பு இதைவிடச் சுவாரசியம். கறுப்பு அரிசி ரகங்களில் காலா4 என்ற இடம் முக்கியம். அங்கே இருக்கும் மரபணுவே மாறவில்லை, அதற்கு முன்னால் இருக்கும் 'எப்போது, எங்கே வேலை செய்' என்று சொல்லும் பகுதியில் ஒரு பெரிய துண்டு வந்து புகுந்திருக்கிறது. அதனால் அரிசியின் மேல்தோலில் வேலை செய்யக் கூடாத மரபணு அங்கே விழித்துக்கொண்டு, ஆந்தோசயனின் நிறமியைச் சேர்க்க வைக்கிறது. இந்த மாதிரிப் பெரிய மாற்றங்களைச் சின்னத் துண்டுகளால் நேராகப் படிக்க முடியாது. துண்டுகள் பாதி பொருந்தி, பாதி தொங்கிக்கொண்டு நிற்கும். தொங்குவதை 'தரவு சரியில்லை' என்று ஒதுக்குகிறவர் விஷயத்தையே ஒதுக்கிவிடுகிறார். கவுனியில் இருப்பதும் இதே மாற்றம்தானா, வேறு வகையா என்பதை ஒரு எம்.எஸ்சி. புராஜெக்டாகவே எடுக்கலாம். ஒப்பிடுவதற்கு 3,010 நெல் ரகங்களின் தரவு பொதுவில் கிடக்கிறது. காசு வேண்டாம், இணையமும் பொறுமையும் போதும்.

கணக்கு இல்லை என்ற பயத்துக்கு வருகிறேன். கால்குலஸ் ஆழமாகத் தெரியாமல் இந்தத் துறையில் நிறையப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள். புள்ளியியல் தெரியாமல் யாரும் இருக்க முடியாது. ஒரு உதாரணம். மனிதனில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. நோயாளி, நோயில்லாதவர் என்று இரண்டு கூட்டத்தில் ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாகச் சோதித்து, 'பி மதிப்பு 0.05க்குக் கீழே' (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு விடை தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு) என்பதை மட்டும் வெற்றி என்று கொண்டால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சும்மா அதிர்ஷ்டத்தில் சுமார் 1,000 மரபணுக்கள் தேறி வந்து நிற்கும். இதைத் திருத்தும் முறைகள் இருக்கின்றன, ஆர் என்ற நிரல்மொழியில் ஒரே வரி. அந்த வரி ஏன் வேண்டும் என்று புரிவதற்குத்தான் புள்ளியியல். நிகழ்தகவு, பரவல்கள், கருதுகோள் சோதனை, நேரியல் மாதிரி, கொஞ்சம் அணிகள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது வாங்கி அணிகளையும் நிகழ்தகவையும் போட்டுப் பாருங்கள். தமிழ் வழியில் படித்திருந்தால் தமிழிலேயே படியுங்கள், தப்பில்லை.

கோடிங்கைப் பொறுத்தவரை பைத்தான், ஆர் இரண்டில் ஒன்றை ஒழுங்காகவும் மற்றதைச் சமாளிக்கிற அளவிலும் கற்றால் போதும். ஆனால் அதற்கும் முன்னால் லினக்ஸ் கட்டளைகளுக்குக் கை பழக வேண்டும். ரோசலிண்ட் என்ற தளத்தில் டி.என்.ஏ. எழுத்துகளை எண்ணுவதில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குகள் இருக்கின்றன, இலவசம். முதல் சில கணக்குகளை நீங்களே போட்டுவிட்டால் பயம் தெளிந்துவிடும். லேப்டாப் 8 ஜி.பி. ராம் இருந்தால் ஆரம்பிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. கடன் வாங்கி விலையுயர்ந்ததை வாங்க வேண்டாம். மனித மரபணுத் தொகுதியோடு பொருத்தும் சில மென்பொருள்களுக்கு 30 ஜி.பி. வரை ராம் வேண்டும், அதை எந்த மாணவரின் லேப்டாப்பும் தாங்காது. துறையின் சர்வரில்தான் ஓட்டுவீர்கள், இல்லையென்றால் கேலக்ஸி மாதிரி இலவசத் தளங்களில்.

இங்கே ஒரு பழக்கத்தை வற்புறுத்திச் சொல்வேன். நம் பக்கத்து வட்டிக்கடைகளில் அன்றாடம் நடந்ததைச் சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டிப் பார்ப்பார்கள். அதே மாதிரி எந்தக் கோப்பு, எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன கட்டளை என்று அன்றைக்கு ஓட்டியதை அன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வைவாவில் "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்கும்போது இதுதான் காப்பாற்றும். எக்செல்லில் மரபணுப் பட்டியலைத் திறக்காதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும், மார்ச்1 என்பதை மார்ச் முதல் தேதியாக. வேடிக்கை இல்லை, இந்தக் குழப்பம் இருந்த ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். கடைசியில் எக்செல்லோடு மல்லுக்கட்ட முடியாமல் 2020ல் மரபணுக்களின் பெயரையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள்.

இப்போது எனக்கு ஆத்திரம் வரும் இடம். தமிழ்நாட்டில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் புராஜெக்ட் என்றாலே டாக்கிங் என்று ஆகிவிட்டது, அதாவது ஒரு வேதிப்பொருள் ஒரு புரதத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணினியில் கணிப்பது. ஒரு மூலிகையின் பெயர், அதில் இருப்பதாகப் புத்தகம் சொல்லும் பத்து வேதிப்பொருள்கள், ஏதோ ஒரு நோய்க்கான புரதம். ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளில் போட்டு ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வரும். மைனஸ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இறுக்கம் என்று கணக்கு. மைனஸ் 8.2 வந்தது, மைனஸ் 7.1ஐ விட நல்லது, ஆகவே இந்த மூலிகை சர்க்கரை நோய்க்கு மருந்தாகலாம், முடிந்தது புராஜெக்ட். டாக்கிங் கெட்ட முறை இல்லை. லட்சக்கணக்கான பொருள்களிலிருந்து சோதிக்கத் தகுந்த சிலவற்றைச் சலித்தெடுக்க அது உதவும். ஆனால் அந்த எண் ஒரு தோராய மதிப்பெண், அளந்த உண்மை அல்ல. பெரிய மூலக்கூறுக்குப் பெரிய எண் வருவது அதன் சுபாவம். 1.1 வித்தியாசத்தில் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தள்ளுவதற்கு முன்னால் அந்த முறைக்கே அந்த அளவு துல்லியம் உண்டா என்று கேட்க வேண்டும்.

நீங்கள் டாக்கிங்தான் செய்ய நேர்ந்தாலும் ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. புரதத்தின் படிக அமைப்பில் ஏற்கெனவே ஒரு மூலக்கூறு ஒட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டு மறுபடி டாக் செய்து பாருங்கள். பழைய இடத்துக்கே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (அணு அளவில் பயன்படும் நீள அலகு) வந்து உட்காருகிறதா? உட்காரவில்லை என்றால் உங்கள் அமைப்பே சரியில்லை, மேலே போகக் கூடாது. அப்புறம் அந்தப் புரதத்தோடு ஒட்டாது என்று சோதனையில் தெரிந்த பொருள்களையும் சேர்த்து ஓட்டுங்கள். அவற்றுக்கும் மைனஸ் 8 வந்தால் உங்கள் மூலிகையின் மைனஸ் 8.2க்கு என்ன அர்த்தம்? அந்த வேதிப்பொருள் அந்தச் செடியில் உண்மையிலேயே உண்டா என்று பார்க்க, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் (ஐ.எம்.எஸ்.சி.) உருவான இம்பாட் என்ற தரவுத்தளம் இருக்கிறது. இந்திய மூலிகைகள் 4,010, வேதிப்பொருள்கள் சுமார் 18,000. செடியின் எந்தப் பாகத்தில் என்பது வரை அதில் தேடலாம். மூலிகைப் பெயரை நம்பி இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் அங்கே செலவழிக்கலாம்.

அழகப்பாவா, வெளியூரா? அழகப்பா பல்கலைக்கழகத்தின் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் துறைக்குப் பலம் புரத அமைப்பியல், கணினிவழி மருந்து வடிவமைப்பு பக்கம். அந்த ஆர்வம் இருந்தால் வீட்டுப் பக்கத்திலேயே நல்ல இடம். பக்கத்திலேயே 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பதும் வசதி, உயிர் உணரிகள் (பயோசென்சர்) மாதிரி விஷயங்களில் பேச ஆள் கிடைக்கும். மரபணுத் தொகுதித் தரவு, மக்கள் மரபியல் பக்கம் மனம் போனால் மற்ற இடங்களையும் பாருங்கள். மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார், புதுச்சேரி என்று எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. புதுச்சேரிக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.) ஆதரவு பெற்ற எம்.எஸ்சி. இடங்களுக்கு ஜி.ஏ.டி.-பி என்று தனித் தேர்வு, அதில் தேறிச் சேர்ந்தால் உதவித்தொகையும் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் துறையின் பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். அங்கே இப்போது முனைவர் பட்டம் செய்கிறவர்கள் கடைசியாக எழுதிய கட்டுரைகளைப் பாருங்கள், முடிந்தால் ஒரு சீனியரைப் பிடித்து "சர்வர் மாணவர்களுக்குக் கிடைக்குமா, புராஜெக்டைத் துறைக்குள்ளேயே செய்யலாமா, வெளியே காசு கட்டிச் செய்யச் சொல்கிறார்களா?" என்று கேளுங்கள். காசு கட்டி வாங்கும் 'புராஜெக்ட் பயிற்சி' எதற்கும் உதவாது.

மாமா மகனின் ஏ.ஐ. பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2020ல் புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் 2 என்ற ஏ.ஐ. மென்பொருள் வந்தபோது, புரத வடிவத்தைக் கணிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2022க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு வடிவங்களைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். 2024ல் வேதியியல் நோபலும் அந்தப் பக்கம்தான் போனது. ஆனால் ஒன்றை இறக்கித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பிக்கை எண் இருக்கும். 90க்கு மேல் என்றால் நம்பலாம். 50க்குக் கீழே இருக்கும் நூடுல்ஸ் மாதிரிப் பகுதிக்குப் பெரும்பாலும் நிலையான வடிவமே கிடையாது. அந்தப் பகுதியில் டாக்கிங் செய்கிறவரை ஆல்ஃபாஃபோல்ட் தடுக்காது. ஒரே ஓர் எழுத்து மாறினால் புரதம் நிலைகுலையுமா என்ற கேள்விக்கும் அதை அப்படியே நம்ப முடியாது. கோடிங் எழுதித் தரும் ஏ.ஐ.யும் அப்படித்தான், எழுதித் தரும். எழுதியதில் மேற்கோள் வரிசை நிப்பான்பாரே என்பதை அது ஞாபகப்படுத்தாமல் விட்டால் கவனிக்க ஆள் வேண்டும்.

மக்கள் மரபியல் என்றேன். செட்டிநாட்டில் பிறந்தவருக்கு அந்தப் பாடம் சட்டென்று புரியும். நகரத்தார் ஒன்பது கோயிலாகப் பிரிந்திருப்பதும், ஒரே கோயில் பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கோயில் அப்பா வழி. பெண்கள் வேறு கோயிலிலிருந்து வருகிறார்கள். அப்படியானால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் ஒரு கோயிலுக்குள் ஒன்றுபோலவும், அம்மா வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பலவிதமாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். சுவீகாரம் நிறைய நடந்த சமூகம் என்பதால் இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதையும் யோசிக்கலாம். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நடந்த குடும்பத்தில் அப்பா, அம்மாவிடமிருந்து வந்த இரண்டு பிரதிகளும் ஒன்றாக இருக்கும் நீளமான டி.என்.ஏ. பகுதிகள் வரும். பல தலைமுறையாக ஒரு சிறு சமூகத்துக்குள்ளேயே மணந்தால் குட்டிக்குட்டியாக நிறைய வரும். இரண்டையும் கணினியில் பிரித்துப் பார்க்கலாம். இது எந்தச் சாதியையும் குறை சொல்லும் கணக்கு இல்லை, இந்தியாவில் பெரும்பாலான சமூகங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஆர்வக் கோளாறில் சொந்தக்காரர்களின் எச்சிலைச் சேகரிக்கக் கிளம்பிவிடாதீர்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் இல்லாமல் அது கூடாது.

இதில் பலன் உண்டா என்றால், உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் இல்லாமல் போன மாற்றம் இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதும், அவர்களுக்கு இதயம் செயலிழக்கும் ஆபத்து கூடுவதும் 2009ல் வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இப்போது ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டு, 2025 ஜனவரியிலிருந்து ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறும்படி ஃபரிதாபாத் தரவு மையத்தில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வேலை. எம்.எஸ்சி. முடித்த கையோடு கொட்டிக் கொடுக்கும் துறை இல்லை, பொறியியல் படித்த அண்ணனின் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு வேலை கிடைப்பதும் அரிது. பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போகத் தயாராக இருக்க வேண்டும். மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் நோயாளியின் மாற்றம் ஒவ்வொன்றையும் 'நோய் தருவது' முதல் 'தீங்கற்றது' வரை ஐந்து வகையாகப் பிரித்து அறிக்கை எழுதும் வேலை இருக்கிறது. விலங்கியல், மரபியல் படித்தவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆய்வகங்களில் புராஜெக்ட் வேலை, தரவுத்தளங்களுக்குக் கட்டுரை படித்துத் தகவல் ஏற்றும் வேலை, மருந்து நிறுவனங்களின் தரவு வேலை எல்லாம் உண்டு. ஆராய்ச்சிப் பக்கம் போக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. நல்ல வேலைகளில் பலவற்றுக்கு முனைவர் பட்டம் கேட்பார்கள் என்பதை வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். இரண்டு வருஷத்தில் படிப்பு முடிந்துவிடும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தால் பிறகு சங்கடம்.

கடைசியாக, விடுதியா பஸ்ஸா என்று கேட்டிருந்தீர்கள். தேவகோட்டையிலிருந்து தினமும் வந்து போகலாம், தூரம் ஒன்றும் இல்லை. லேபில் இரவு தங்க வேண்டிய வேலையும் இதில் பெரும்பாலும் இல்லை. சர்வரில் வேலையை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பி, வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் துறையில் வெளியிலிருந்து நுழைய அனுமதி தருகிறார்களா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் முதல் வருஷம் மட்டுமாவது விடுதிதான் நல்லது.